அறைவீடு இல்லாதவரும் சீடராகலாம்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (கணிதம்) மாணவி

கல்லூரி ஆண்டு மலரில் சமயம் பற்றி எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். எல்லாச் சமயத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் இடம் இது. ஆனால் எந்தச் சமயம் உயர்ந்தது என்று வாதாட நான் வரவில்லை. ஒரு சமயத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்பவர், அதன்படி நடப்பதற்கு அன்றாடம் என்ன செய்கிறார் என்பதே என் கேள்வி. இக்கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. எனினும் நான் கிறிஸ்தவப் பெண்ணாதலால் எனக்குத் தெரிந்த வீட்டைப் பற்றித்தான் பேச முடியும். அடுத்த வீட்டுக் குறையைப் பேசுவதைவிட அது நாகரிகமும் ஆகும்.

‘சீடன்’ என்றதும் நம் மனக்கண்முன் ஒரு முனிவரும், அவர் காலடியில் கைகட்டி நிற்கும் ஒருவரும் தோன்றுவர். புதிய ஏற்பாடு முதன்முதல் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்குரிய சொல் ‘மதேதேஸ்’ என்பது. ‘கற்பவன்’ என்பதே அதன் பொருள். நான் பயிலும் கணிதத்திற்கு மேலை நாட்டார் இட்ட பெயரும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று. ஆகவே சீடர் என்பவர் தேர்வில் வென்று வெளியேறியவர் அல்லர். இன்னும் வகுப்பில் அமர்ந்திருப்பவர். இயேசு பெருமான் முதலில் அழைத்த மாணவர்களோ கலிலேயாக் கடலில் வலை வீசியவர்கள். பேதுருவும் யோவானும் எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டபோது, படிப்பில்லாத இவர்களுக்கு இத்துணைத் துணிவு எங்கிருந்து வந்தது என்று பெரியோர் வியந்தனர் என அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுகிறது. நம் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தை அவர்கள் கையில் கொடுத்திருந்தால், ‘முதல் தலைமுறை’ என்ற கட்டத்தில்தான் அவர்களும் குறியிட்டிருப்பார்கள்!

இப்படித் தொடங்கிய ஒன்று, இன்று யாருக்கு ஏற்றதாகப் போதிக்கப்படுகிறது? சீடத்துவத்தில் வளர வழி கேட்கும் இளைஞர்க்குச் சொல்லப்படும் அறிவுரைகளை எண்ணிப் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழு, அறைக்கதவைச் சாத்து, ஒரு மணிநேரம் தியானம் செய், நல்ல விளக்கவுரை நூல்களை வாங்கு, மூன்று நாள் முகாமுக்குக் கட்டணம் செலுத்து, தசமபாகம் கொடு. இவை தீய அறிவுரைகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றைச் சொல்பவருக்கு ஒரு தனி அறையும், தம் விருப்பப்படி செலவிட ஒரு மணிநேரமும், மாதக் கடைசியில் மிஞ்சும் பணமும் உண்டு. இம்மூன்றும் இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, தான் இரண்டாந்தரக் கிறிஸ்தவன் என்று எண்ணி ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்துவிடுகிறது. சிலர் வருவதையே விட்டுவிடுகிறார்கள். இது சிறிய இழப்பன்று.

எங்கள் வீடு ஓர் அறை. அதில் பாட்டி, அப்பா, அம்மா, தம்பியர் இருவர், நான். அம்மாவின் பீடித்தட்டும் இலைக்கட்டும். மழைக்காலத்தில் கோழியும் குஞ்சுகளும்கூட. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவது அதிகாலை நான்கு மணிக்கு, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அந்நேரத்தில் நான் முழங்காலில் நின்றால் என் ஆத்துமா நிறையுமோ என்னவோ, குடங்கள் நிறையா. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் நிலை இதுவே.

அறைக்குள் சென்று கதவைச் சாத்தி அந்தரங்கத்தில் ஜெபிக்கும்படி இயேசுவே சொன்னாரே என்று கேட்கலாம். அங்கே வரும் கிரேக்கச் சொல் படுக்கையறையையோ படிப்பறையையோ குறிப்பதன்று. வீட்டின் உட்புறத்தில் பொருள்களைச் சேர்த்து வைக்கும் அறையை, நம் வழக்கில் சொன்னால் நெற்குதிர் இருக்கும் உள்ளறையைக் குறிப்பது. தெருமுனையில் நின்று பிறர் பார்க்க ஜெபிப்போரைச் சாடிவிட்டுத்தான் அவர் அதைச் சொன்னார். வசதியான அறை வேண்டும் என்பது கருத்தன்று. பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடம் வேண்டும் என்பதே கருத்து. அவருக்கே தனி அறை இருந்ததாகத் தெரியவில்லை. இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்திற்குப் போனார், மலைமேல் ஏறினார். ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா அம்மையார் பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். வீட்டில் ஒதுங்க இடமின்றி, மேலங்கியைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். அம்மா அப்படி இருந்தால் யாரும் கூப்பிடக்கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமாம். இப்படி வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு முந்தானை என்று ஒன்று இருக்கிறதே!

எனக்கு வாய்த்த அறைவீடு பேருந்து. காலையில் ஐம்பது நிமிடம். மாலையில் அதைவிடச் சற்றுக் கூடுதல். மகளிர்க்குக் கட்டணமில்லாத பேருந்தாதலால் நிற்க இடம் கிடைப்பதே அரிது. ஆயினும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. தூங்குகிறாள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்தரங்கம் இதைவிட எங்கே கிடைக்கும்?

அந்த ஐம்பது நிமிடத்தில் நாலைந்து அதிகாரங்களை வேகமாக வாசித்து முடிப்பதைவிட, நாலைந்து வசனங்களை ஒரு வாரம் முழுவதும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் துணிபு. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935ஆம் ஆண்டு ஃபிங்கன்வால்டே என்னுமிடத்தில் இளம் போதகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். இட்லரின் ஆட்சிக்குப் பணிய மறுத்த திருச்சபைப் பிரிவினருக்கான பள்ளி அது. அங்கே ஒவ்வொரு காலையும் அரைமணிநேரம் மௌன தியானம். ஒரு சிறு வேதப்பகுதியே அந்த வாரம் முழுவதற்கும். மாணவர்களுக்கு முதலில் இது சலிப்பூட்டியதாம். சலிக்கத்தான் செய்யும். திங்கட்கிழமை நமக்குத் தெரிந்ததாகத் தோன்றும் வசனம், வியாழக்கிழமை நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கும். அப்போதுதான் அதை விட்டு ஓடவேண்டும் என்று தோன்றும். கைப்பேசியில் முழு வேதாகமமும் இருக்கிறது, உண்மைதான். அதே கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாத காட்சிகளும் இருக்கின்றன. ஆகவே அவ்வாரத்துப் பகுதியை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறேன். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பீடி சுற்றிக்கொண்டே கீர்த்தனைகளையும் சங்கீதங்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். ஆயிரம் பீடி முடிவதற்குள் எத்தனை சங்கீதம் முடியும் என்பது அவருக்குத் தெரியும். விளக்கவுரை நூல் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

இனி, கல்லூரிக்குள் வருவோம். பாட்டும் கண்ணீரும் மிகுந்த பெருங்கூட்டங்களில் எழும் உணர்ச்சியை நான் இகழவில்லை. ஆனால் அந்த உணர்ச்சி உண்மையா என்று பார்க்க வேண்டிய இடம் கூட்டமைதானம் அன்று, இயற்பியல் ஆய்வுக்கூடம்.

விளக்கிச் சொல்கிறேன். கணித மாணவர்களாகிய எங்களுக்கு இயற்பியல் துணைப்பாடம். கூட்டு ஊசல் சோதனையில் இருபது அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8க்கு அருகில் வரவேண்டும் என்பது உலகறிந்த செய்தி. ஆகவே ஊசலைத் தொடாமலேயே, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நேரங்களை அழகாக இட்டு நிரப்பி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடும் கலை எல்லாக் கல்லூரிகளிலும் வளர்ந்திருக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் அறியாததன்று. தசமம் பிசகாமல் எல்லாருக்கும் ஒரே விடை வந்தால் யாருக்குத்தான் ஐயம் எழாது? உண்மையாக ஆடவிட்டு எண்ணியவருக்கு 9.4 வரும், 10.1 வரும். அதை அப்படியே எழுதி, எங்கே பிழை நேர்ந்திருக்கும் என்று ஒரு வரி சேர்ப்பவருக்கு ஒருவேளை இரண்டு மதிப்பெண் குறையலாம். ஞாயிறுதோறும் சத்தியத்தைப் பற்றிப் பாடும் ஒருவர் அந்த இரண்டு மதிப்பெண்ணை இழக்க அணியமாக இருக்கிறாரா? சீடத்துவத்தில் வளரச் செய்முறை வழி ஒன்று சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால், உபவாசத்துக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன். ஏனெனில் இதே பழக்கம் ஆலயத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. சாட்சி சொல்ல எழுவோர், எப்படி முடிய வேண்டும் என்பதை முன்னரே தெரிந்துகொண்டு, அதற்கேற்பத் தம் வாழ்க்கையைப் பின்னோக்கி எழுதுகிறார்கள். நோய் நீங்கியது, வேலை கிடைத்தது, எல்லாம் 9.8! என் ஜெபத்துக்கு இன்னும் விடை வரவில்லை, ஆயினும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுந்து சொல்பவரைக் காண்பது அரிதாகிவிட்டது.

அடுத்து, பணம். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம்மவர்க்குக் கூச்சம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. எங்களில் பலர் வாழ்வில் முதன்முதல் தம் பெயரில் கண்ட பணம் அது. பத்தில் ஒரு பங்கு 100 ரூபாய். அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு குரல். மளிகைக் கடையில் இரண்டு மாதப் பாக்கி என்று இன்னொரு குரல். எதைக் கேட்பது?

மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் ‘கொர்பான்’ என்று ஒரு சொல் வருகிறது. கடவுளுக்கு நேர்ந்துவிட்ட பொருள் என்பது அதன் கருத்து. தாய் தந்தையரைத் தாங்க வேண்டிய பொருளை ‘கொர்பான்’ என்று அறிவித்துவிட்டுத் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடுமையாகச் சாடினார். கடவுளின் கட்டளையைக் கடவுள் பெயராலேயே அவமாக்குகிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. தசமபாகப் பிரசங்கங்களில் இந்த அதிகாரம் ஏனோ அதிகம் வாசிக்கப்படுவதில்லை. கடைப் பாக்கியை நிறுத்திவைத்துக் காணிக்கை போடுவது, கடைக்காரரின் பணத்தை அவரைக் கேளாமலே ஆலயத்துக்குக் கொடுப்பதாகும். முதலில் பாக்கி; தம்பியின் நோட்டுப் புத்தகம்; பாட்டியின் மாத்திரை. இவை காணிக்கைக்குக் குறைந்தவை அல்ல.

அப்படியானால் ஏழைகள் கொடுக்கவே வேண்டாமா என்றால், அதுவும் சரியன்று. கொடுக்கும் உரிமையை ஏழையிடமிருந்து பறிப்பது வேறொரு வகை அவமதிப்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, மாதத்துக்கொருமுறை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். பணம் படைத்தவர் தரும் சேவலும் வாழைத்தாரும் ஏலத்தில் கூவி விற்கப்படும். யார் தந்தது என்று ஊருக்கே தெரியும். பிடி அரிசி ஒரே சாக்கில் கொட்டப்படும். எது யாருடையது என்று கொடுத்தவருக்கே தெரியாது. உபவாசத்தையும் நான் இக்கணக்கில்தான் பார்க்கிறேன். ஏசாயா தீர்க்கதரிசி, பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே உபவாசம் என்று கண்டவர். மாதக் கடைசியில் தானாகவே ஒருவேளை உணவு குறையும் வீட்டில், விடுதித் தோழிக்கு மதியச் சோற்றில் பாதியைக் கொடுப்பது போதுமானது.

ஒற்றையாய் நின்று யாரும் சீடராக வளர்வதில்லை. 1742ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் வெஸ்லியின் குழுவினர்க்கு ஒரு கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தண்டுவது என முடிவாயிற்று; பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு; கொடுக்க இயலாதவர்க்காகப் பொறுப்பாளரே போட்டுவிடுவார். காசு தண்ட வீடுவீடாகப் போனபோதுதான் யார் நோயுற்றிருக்கிறார், யார் குடித்திருக்கிறார், யார் மனைவியோடு சண்டையிடுகிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. கடன் தண்டும் ஏற்பாடே ஒருவரையொருவர் விசாரிக்கும் வாரக் கூட்டமாக மாறி, அந்த இயக்கத்தின் முதுகெலும்பாயிற்று. நம் கல்லூரியில் வேப்பமரத்தடியில் வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நாங்கள் நால்வர் கூடுகிறோம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. சென்ற வாரம் செய்வதாகச் சொன்னதைச் செய்தாயா என்று ஒருவரையொருவர் கேட்போம், அவ்வளவே. நான் முன்னர்க் குறிப்பிட்ட ஃபிங்கன்வால்டே பள்ளியில் ஒரு விதி உண்டு: ஓர் உடன்மாணவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசக்கூடாது, தவறிப் பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். அப்பள்ளியை 1937இல் இரகசியக் காவல்துறை மூடியது. போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். தூக்குமேடை வரை சென்றவர் தம் மாணவர்க்கு வகுத்த விதிகளில் ஒன்று, புறம்பேசாதே என்பது! எங்கள் நால்வர்க்குள் இவ்விதியைக் கொண்டுவந்த பின், பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது.

பிற சமயத் தோழியரோடு பழகுவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சக மாணவியை ஆத்தும ஆதாயக் கணக்கில் ஓர் எண்ணாகப் பார்ப்பது நட்புக்குச் செய்யும் துரோகம். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு வயது இருபத்து மூன்றுதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில் தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பெழுதிப் பட்டியலிட்டார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். ஒரு விதவையின் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியதால், டேனிய அதிகாரியாலேயே நான்கு மாதம் சிறையில் வைக்கப்பட்டார். துண்டுப்பிரதி நீட்டும் கைகள், வாங்கிய குறிப்பு நோட்டைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் தோழி வீட்டுக்குப் போய், அவள் நம்பிக்கையை அவள் வாயாலேயே கேட்டறியவும் வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால், மேலே எழுதியதெல்லாம் வீண். கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டு சுற்றறிக்கை ஒன்று அனுப்பினார்: திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று. தஞ்சைப் பகுதியில் பலர் அதற்கு உடன்பட மறுத்துச் சபையைவிட்டு வெளியேறினர். சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது எளிதாயிருந்தது! அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் ஆலயம் ஒன்று. கல்லறைத் தோட்டம் இரண்டு. அசன விருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். யார் சமைக்கலாம் என்பதில் மட்டும் ஒரு பேசாத ஒப்பந்தம் இருக்கும். இங்கே சீடத்துவம் என்பது மிகச் சிறிய செயல்களால் ஆனது. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம், வயதில் மூத்த ஒருவரைத் தெருப் பார்த்து ‘வா, போ’ என்கிறோமா, ‘வாங்க’ என்கிறோமா என்பவைதாம் அவை. இவற்றுக்கு அறையும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஆனால் வீட்டில் ஏச்சு விழும்.

திருமணத்தில் இரண்டு கேடுகளும் ஒன்றாய்க் கூடுகின்றன. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டே வந்துவிட்டது. எனினும் ஜெபத்தோடு தொடங்கும் நிச்சயதார்த்தத்தில், ஆமென் சொன்ன வாய் மூடுமுன் சவரன் கணக்கு எழுகிறது. ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இத்திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டோ என்று சபையாரைக் கேட்பது வழக்கம். மணமகன் வீட்டார் கேட்டிருக்கும் நாற்பது சவரன் இதுவரை ஒருமுறைகூடத் தடையாக எண்ணப்பட்டதில்லை. அதற்காக ஆயிரம் ஆயிரமாய்ப் பீடி சுற்றும் தாய்மாரை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் இவ்வாண்டு ஒரு தாள் எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறோம். நகையோ பணமோ கேட்பதில்லை, கொடுப்பதில்லை, சாதி பார்த்துப் பெண்ணோ மாப்பிள்ளையோ தேடுவதில்லை என்பது அதன் வாசகம். பெற்றோர் பார்வைக்கு அது போகும் என்று மேலேயே எழுதியிருக்கிறோம். இதுவரை பதினொரு பெண்களும் இரண்டு ஆண்களும் கையெழுத்திட்டுள்ளனர். தாள் இப்போது பாடகர் குழுவினரிடம் இருக்கிறது.